மாநகராட்சிப் பூங்காவில் 5,000 பேர் கச்சேரி: அனுமதிக் கடிதத்தில் எதை எழுத வைக்கணும்?

வடகரைவாசி:
மதுரையில் வைகைக்கு வடக்கே உள்ள ஒரு மாநகராட்சிப் பூங்கா பற்றிய கேள்வி. பரப்பு இரண்டரை ஏக்கர். கிழக்கு, மேற்கு, வடக்கு மூன்று பக்கமும் வீடுகள். தெற்கே மெயின் ரோடும் கடைகளும். கேட் இரண்டு: தெற்கில் 3 மீட்டர் அகலம், வடக்கில் 1.5 மீட்டர். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை டிக்கெட் வைத்து இசைக் கச்சேரி என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். 5,000 பேர் வருவார்களாம். மேடை கிழக்கு மதிலை ஒட்டி, ஸ்பீக்கர் மேற்கே பார்த்து. மேற்கு மதிலுக்கு அந்தப் பக்கம் மூன்று மாடிக் குடியிருப்புகள், முதியவர்கள் அதிகம். "கச்சேரி வேண்டாம்" என்று ஒரு வரி மனு எழுதினால் அது கோப்போடு கோப்பாகத் தூங்கிவிடும். எந்த விதி, எந்த அளவு, எந்த நிபந்தனை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மனுதாரர்:
முதலில் சட்டம். ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. விதி 5 படி எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் அறவே கிடையாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை தளர்வு தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஆண்டுக்கு மொத்தமே 15 நாள். அமைப்பாளர் "பன்னிரண்டு வரை பெர்மிஷன் இருக்கு" என்றால் எந்த அரசாணை, எந்த நாளுக்கு என்று கேளுங்கள். காவல் நிலைய அளவில் கொடுக்கக்கூடிய சலுகை இல்லை அது.

அடுத்து அளவு. குடியிருப்புப் பகுதிக்கு அனுமதித்த சுற்றுப்புற ஒலி பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அந்த இடத்தின் எல்லையில், பகுதிக்கான அளவோடு 10 கூட்டி வருவதும் 75-ம், இவற்றில் எது குறைவோ அதுதான் வரம்பு. உங்கள் பூங்கா குடியிருப்புப் பகுதி என்றால் மதில் ஓரத்தில் 65. எல்லாமே 'ஏ' அளவு டெசிபல் (காது கேட்கும் விதத்துக்கு ஏற்பத் திருத்திய அளவு).

100 மீட்டருக்குள் ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் 2017 திருத்தத்துக்குப் பிறகு அரசு அறிவித்திருந்தால்தான் அது அமைதி மண்டலம் (ஒலிக்குக் கூடுதல் கட்டுப்பாடு உள்ள இடம்). அறிவிப்பு உண்டா என்று உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். இல்லாததை எழுதினால் மனு முழுவதும் பலவீனமாகிவிடும்.

கன்சோல்:
சவுண்ட் பக்கக் கணக்கை நான் போடுகிறேன். இரண்டரை ஏக்கர் என்றால் ஏறக்குறைய 100-க்கு 100 மீட்டர். இந்த அளவுக் கச்சேரியில் ஒலியைக் கட்டுப்படுத்தும் மிக்சர் மேசை மேடையிலிருந்து 25 மீட்டரில் இருக்கும். அங்கே சராசரி 98 டெசிபல் ஓட்டுவார்கள். கூட்டம் ஆடிப் பாடும் நிகழ்ச்சி என்றால் 100-ஐத் தொடும். தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு. மேற்கு மதில் மேடையிலிருந்து 90 மீட்டர். அங்கே சுமார் 11 குறைந்து 87 நிற்கும். வரம்பு 65. அதாவது 22 டெசிபல் அதிகம். தொங்கவிடும் லைன் அர்ரே பாக்ஸ் என்றால் கிட்டத்தில் இன்னும் மெதுவாகத்தான் குறையும், மதிலில் 87-க்கு மேலேயும் போகலாம்.

திருப்பிப் போட்டுப் பாருங்கள். மதிலில் 65 வரவேண்டும் என்றால் மிக்சர் மேசையில் 76-க்கு மேல் போகக் கூடாது. நெருங்கி நின்று சத்தமாகப் பேசும் அளவுதான் அது. 5,000 பேர் கைதட்டினாலே அதைத் தாண்டும். ஆகவே இந்தப் பூங்காவில், மேடையை இப்படி வைத்து, இந்தக் கூட்டத்துக்கு, விதிக்குள் கச்சேரி நடத்த வழியே இல்லை. சவுண்ட் தொழில் பக்கம் நின்றுதான் சொல்கிறேன்.

தூங்காநகரான்:
மதுரைக்குப் பேரே தூங்காநகரம். சித்திரைத் திருவிழாவுக்கு விடிய விடிய மைக் செட் ஓடுது, யாரும் மனு எழுதலையே? வருசத்துல ஒரு நாள் பிள்ளைக சந்தோசமா ஒரு கச்சேரி பாக்கட்டும். லைட், சவுண்ட், பந்தல், சாப்பாட்டுக் கடைன்னு எத்தனை குடும்பம் இதை நம்பி இருக்கு.

வடகரைவாசி:
அண்ணே, பிழைப்பு பற்றி நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் திருவிழாத் தேதி பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. எந்தத் தெருவில் எப்போது கூட்டம் வரும் என்று ஊருக்கே தெரியும். போலீஸும் மாநகராட்சியும் முன்கூட்டியே தயாராகின்றன. அப்படியும் 2022-ல் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அத்தனை ஏற்பாடு இருக்கும் இடத்திலேயே அது நடந்தது. இங்கே இரண்டே கேட், தெரு அகலம் 20 அடி. ஒரு நாளோடு நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஒருமுறை நிபந்தனை இல்லாமல் கொடுத்த கடிதம்தான் அடுத்த அமைப்பாளருக்கு முன்மாதிரி.

பந்தல்கால்:
கேட் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், சத்தத்தைவிட அவசரமான விஷயம் இது. சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேற முடியும் என்பது மைதானப் பாதுகாப்பில் உலகம் முழுக்க எடுத்துக்கொள்ளும் கணக்கு. சாதாரணமாகக் கலைய 8 நிமிடம். உங்கள் இரண்டு கேட்டும் சேர்த்து 4.5 மீட்டர். 4.5 x 82 x 8 = 2,952. அதாவது இரண்டு கேட்டும் முழுதாகத் திறந்திருந்தால் மூவாயிரத்துக்குள்தான். 5,000 பேருக்கு 7.6 மீட்டர் வேண்டும்.

இதிலும் பெரிய கேட் அடைபட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் முறை. தெற்குக் கேட் பக்கம் ஒரு தீயோ தகராறோ என்றால் மிச்சம் 1.5 மீட்டர், அதே 8 நிமிடத்தில் 984 பேர். மீதிப் பேர் உள்ளே மதிலோடு நெருங்குவார்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் போனால் யாரும் தன் காலால் நடக்க முடியாது, கூட்டம் தள்ளுகிற பக்கம்தான் உடம்பு போகும். மூச்சு முட்டிச் சாவது அங்கேதான். மிதிபட்டு இறப்பதைவிட நின்றபடியே மூச்சடைத்து இறப்பவர்கள் அதிகம். 2025 ஜூனில் பெங்களூரு கிரிக்கெட் மைதான வாசலில் 11 பேர், அதே ஆண்டு செப்டம்பரில் கரூரில் 41 பேர். இதற்கு மேல் உதாரணம் தேவையில்லை.

இன்னொன்று. அந்த 3 மீட்டர் கேட்டில்தான் ஆம்புலன்ஸும் வரவேண்டும், அதில்தான் டிக்கெட் சோதனைக்குத் தடுப்புக் கம்பியும் போடுவார்கள். தடுப்பு போட்ட பிறகு மிஞ்சும் அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் 3 மீட்டர் என்று இருக்கும், நேரில் இரண்டுதான் இருக்கும். மதிலில் தற்காலிகமாக இரண்டு இடத்தில் திறப்பு வைக்க மாநகராட்சி சம்மதித்தால் கணக்கு மாறும். இல்லையென்றால் டிக்கெட் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வழி.

மாடித்தோட்டம்:
கன்சோல் தம்பி, ஒரு சந்தேகம். போலீஸ்காரர் மீட்டரைக் காட்டி "அறுபத்து நாலுதாம்மா இருக்கு" என்கிறார், ஆனால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, நெஞ்சுக்குள் இடிக்கிறது. பல இடங்களில் கேள்விப்படும் புகார் இதுதான். மீட்டர் பொய் சொல்லுமா?

கன்சோல்:
மீட்டர் பொய் சொல்லவில்லை அக்கா, அது 'ஏ' அளவில் ஓடுகிறது. காது மென்மையான ஒலியைக் கேட்கும் விதத்துக்கு ஏற்ப அடித்தொனியைக் கழித்துக் காட்டுவதுதான் 'ஏ'. 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் கழிக்கும். மதிலில் பேஸ், அதாவது அடித்தொனி மட்டும் 90 டெசிபல் இருந்தால் மீட்டரில் 64 என்றுதான் வரும். சட்டப்படி உள்ளே, வீட்டில் பாத்திரம் ஆடும். அதே மீட்டரில் பொத்தானை 'சி'-க்கு மாற்றினால் 89 காட்டும், ஏனென்றால் 'சி' அந்த இடத்தில் சுமார் ஒரு டெசிபல்தான் கழிக்கும். இந்த இரண்டு எண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் பேஸ் எவ்வளவு என்று சொல்லும்.

63 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஐந்தரை மீட்டர். ஆறடி மதில் அதைத் தடுக்காது, மரம் தடுக்காது, ஜன்னலைச் சாத்தினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மேல்தொனியை டாப் பாக்ஸைத் திருப்பி ஒரு பக்கமாக அனுப்பலாம்; பேஸ் பாக்ஸ் நாலா பக்கமும் ஒரே மாதிரி தள்ளும். பின்பக்கம் குறைக்க ஒரு வழி உண்டு: மூன்று பேஸ் பாக்ஸில் இரண்டு முன்னே பார்க்க, ஒன்றைப் பின்னே திருப்பி, அதற்கு மட்டும் பிராசசரில் தாமதமும் துருவ மாற்றமும் (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) கொடுப்பது. 'கார்டியாய்டு' அடுக்கு என்பார்கள். சரியாக அமைத்தால் பின்னால் 10 முதல் 15 டெசிபல் குறையும். தாமதக் கணக்கைத் தப்பாகப் போட்டால் பின்னால் குறையாமல் முன்னால் குறைந்துவிடும். ஆபரேட்டர் அதை ஈடுகட்ட வால்யூமை ஏற்றுவார், நிலைமை முன்பைவிட மோசமாகும். அதனால் மாலையில் பேஸை மட்டும் ஓட்டி, மேடைக்கு முன்னும் பின்னும் ஒரே தூரத்தில் 'சி'-யில் அளந்து வித்தியாசத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

அதோடு, மாலை மூன்று மணி சவுண்ட் செக்கில் எடுத்த அளவை இரவுக்குச் செல்லும் என்று நம்பாதீர்கள். வெயில் நேரத்தில் தரையோரக் காற்று சூடாக இருப்பதால் ஒலி மேலே வளைந்து போகும். இருட்டி, மேகமில்லாத வானத்தில் தரை குளிர்ந்ததும் அது கீழ்நோக்கி வளையும். அதே வால்யூம், தூரத்து வீட்டில் கூடுதலாகக் கேட்கும். தை, மாசியில் இது நன்றாகவே தெரியும்.

வடகரைவாசி:
நாங்களே அளந்து வைத்துக்கொள்ளலாமா? மொபைல் ஆப் போதுமா?

கன்சோல்:
ஆப் உங்கள் மனத்திருப்திக்கு மட்டும். மொபைல் மைக் அடித்தொனியை வெட்டிவிடும், சத்தம் கூடினால் தானாகக் குறைத்துக்கொள்ளும். இரண்டாம் வகுப்பு ஒலி அளவி ஒன்றை வாடகைக்கு எடுங்கள், கூடவே 94 டெசிபல் காலிபரேட்டர் (மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் கருவி). அளப்பதற்கு முன்னும் பின்னும் காலிபரேட்டரை மாட்டி எண்ணைக் குறிக்கவேண்டும். முக்காலியில் 1.2 முதல் 1.5 மீட்டர் உயரம், சுவரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி. பால்கனிச் சுவரை ஒட்டி வைத்தால் எதிரொலி சேர்ந்து 3 டெசிபல் வரை கூடிவிடும், எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். மைக்கில் பஞ்சு உறை கட்டாயம். கச்சேரிக்கு ஒரு வாரம் முன் அதே சனிக்கிழமை அதே நேரத்தில் 15 நிமிடச் சராசரி எடுத்துவையுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் "ரோட்டுச் சத்தமே எழுபது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

மனுதாரர்:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்கும் அளவு துணை ஆதாரம்தான். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு இப்போதே எழுதி, நிகழ்ச்சி அன்று மதில் ஓரத்தில் அளக்க ஆள் கேளுங்கள். அன்றிரவு 100-க்குப் போன் போட்டால் வருகிற காவலரிடம் மீட்டர் இருக்காது. வந்து பார்த்து, குறைக்கச் சொல்லிவிட்டுப் போவார். பத்து நிமிடத்தில் பழையபடி ஏறும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், கட்டணம் 10 ரூபாய். ஆனால் பதில் தர 30 நாள். அடுத்த மாதக் கச்சேரிக்கு அது காலம் கடந்த பதிலாகவே வரும். அதைப் போட்டுவிட்டு, அதை நம்பி உட்காராமல் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலும் மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரு பிரதி போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்டில், ஒப்புகையோடு. பின்னால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக நேர்ந்தாலும் முதல் கேள்வி "அதிகாரியிடம் மனு கொடுத்தீர்களா" என்பதாகத்தான் இருக்கும்.

பூங்காவுக்கென்றே 1959-ல் வந்த தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் சட்டம் இருக்கிறது. பூங்காவை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த முன் அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். டிக்கெட் போட்டு ஒரு நாள் முழுக்கப் பொதுமக்களை வெளியே நிறுத்துவது பூங்காப் பயன்பாடுதானா, யார் எந்தக் கோப்பில் ஒப்புதல் கொடுத்தார் என்று கேளுங்கள்.

வேம்படி:
எல்லாரும் ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள், மரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கச்சேரி முடிந்து மறுநாள் போனால் மரம் அப்படியே நிற்கும், "ஒன்றும் ஆகவில்லை" என்று டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சேதம் ஓரிரு வருடம் கழித்துத்தான் உச்சிக்கிளை காய்வதில் தெரியும். காரணம் லாரி. தண்ணீரும் சத்தும் இழுக்கும் நுனிவேர்கள் பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்கின்றன. ஈர மண்ணில் லாரி ஒரே ஒருமுறை ஏறி இறங்கினாலே காற்று போகும் துளைகள் நசுங்கிவிடும். அதன் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் மேலேயே தேங்கும், வேர் மூச்சுவிடாது.

பாதுகாக்க வேண்டிய வட்டத்துக்குக் கணக்கு உண்டு: மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவைப் போல் 12 மடங்கு ஆரம். அரை மீட்டர் குறுக்களவுள்ள வேம்புக்கு 6 மீட்டர். அந்த வட்டத்துக்குள் வண்டி, ஜெனரேட்டர், மேடைக்கால், சாப்பாட்டுக் கடை எதுவும் வரக் கூடாது. கயிறு கட்டி அடைக்கச் சொல்லுங்கள். வண்டி போகவே வேண்டிய பாதையில் 18 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு குறுக்கும் நெடுக்குமாக, அல்லது இரும்புத் தகடு. நிகழ்ச்சிக்கு நாலு நாள் முன்பே புல்தரைக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தினால் மண் இறுகி எடை தாங்கும். முந்தின நாள் மழை பெய்தால் லாரி உள்ளே வரக் கூடாது என்று கடிதத்தில் இருக்கட்டும். மரத்தில் ஆணி, லைட் கம்பி, கூரைக்கயிறு எதுவும் கூடாது. புல்லின் மேல் போட்ட விரிப்பு இரண்டு நாளுக்கு மேல் கிடந்தால் புல் வெளுத்துவிடும். மினுமினுப்புக் காகிதம் தூவுவதை மொத்தமாகத் தடுக்கணும். அதில் பாதி பிளாஸ்டிக், புல்லுக்குள் போனால் யாராலும் பொறுக்க முடியாது.

டெபாசிட்டில் ஒரு பகுதியையாவது அடுத்த மழைக்காலம் முடியும் வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். இறுகிய இடத்தில் இரண்டடிக்கு ஒன்றாக, ஒன்றேகால் அடி ஆழத்துக்குத் துளைபோட்டு மணலும் மக்கிய எருவும் நிரப்பும் செலவு அதிலிருந்து போகட்டும்.

பந்தல்கால்:
வேம்படி ஐயா சொன்னதோடு ஒட்டியது. மரத்தில் கட்டக் கூடாது, முளை அடித்தால் சொட்டுநீர்க் குழாயும் கேபிளும் போய்விடும் என்றால் கூரையையும் எல்.இ.டி. திரையையும் எதில் கட்டுவது? தண்ணீர்த் தொட்டியை எடையாக வைப்பார்கள். அதில் நடக்கும் தப்பு இது: 6-க்கு 4 மீட்டர் திரை 24 சதுர மீட்டர். 72 கி.மீ. வேகக் காற்று அதை சுமார் 600 கிலோ அளவுக்குத் தள்ளும். 1,000 லிட்டர் தொட்டி ஒரு டன்தானே, போதும் என்று நினைப்பார்கள். ஆனால் மண்ணில் அது வழுக்காமல் தாங்குவது எடையில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு திரைக்கு இரண்டு தொட்டிகூட விளிம்பில்தான் நிற்கும், மூன்றோ நான்கோ வேண்டும். சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன் வருகிற காற்று எச்சரிக்கை கொடுக்காமல் வரும். காற்று வேகமானி மேடை உச்சியில் இருக்கணும். எந்த வேகத்தில் திரையை இறக்குவது, எந்த வேகத்தில் கூட்டத்தை விலக்குவது, அதை அறிவிக்கப்போவது யார் என்று பெயரோடு எழுதணும். மேடைக்கு உறுதிச் சான்று, மின் ஆய்வாளர் சான்று, தீயணைப்புத் துறைத் தடையின்மைச் சான்று, மூன்றின் நகலையும் பாருங்கள். சான்று வாங்கிய தேதி மேடை கட்டுவதற்கு முந்தைய தேதியாக இருந்தால் அதற்கு மதிப்பில்லை.

தூங்காநகரான்:
சரி, கணக்கெல்லாம் பாத்தா இந்த இடம் தாங்காதுன்னு எனக்கே தெரியுது. அப்ப எங்கதான் நடத்துறது? தமுக்கத்துலயா?

கன்சோல்:
தமுக்கம் மாநாட்டு மையம் மூடிய அரங்கம், இரவு விதியில் மூடிய அரங்கத்துக்கு விலக்கும் உண்டு. திறந்தவெளிதான் வேண்டும் என்றால் சுற்றுச்சாலைப் பக்கம், வீடு இல்லாத திசையைப் பார்த்து மேடை போடலாம். பூங்காவே வேண்டும் என்றால் 400, 500 பேர், சின்ன பாக்ஸ், பேஸ் பாக்ஸ் இல்லை, மேடையை வடக்கே வைத்துத் தெற்கு ரோட்டைப் பார்த்து, மாலை 5 முதல் 8 வரை. நாகஸ்வரம், பறை, வில்லுப்பாட்டு எல்லாம் அதில் அழகாக நடக்கும். சவுண்ட் சர்வீஸ்காரருக்கும் வேலை இருக்கும்.

மாடித்தோட்டம்:
வண்டி நிறுத்துமிடம்? ஐயாயிரத்தில் மூவாயிரம் பேர் பைக்கில், ஒரு பைக்குக்கு இரண்டு பேர் என்றாலும் 1,500 பைக். வழிவிட்டு நிறுத்த ஒன்றுக்கு 3 சதுர மீட்டர் என்றால் ஒரு ஏக்கருக்கு மேல் வேண்டும். அந்த ஏக்கர் எங்கள் வீட்டு வாசல்தான். கழிப்பறையும் பெண்களுக்கு நூறு பேருக்கு ஒன்றாவது வேண்டுமே.

மனுதாரர்:
மேடம் சொன்ன இரண்டும் மனுவில் இருக்கணும். குப்பையையும் சேருங்கள்: திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்கணும், குப்பையைத் தரம் பிரித்துக் கொடுப்பது அமைப்பாளர் பொறுப்பு.

வடகரைவாசி:
நன்றி. வரிசையை இப்படி வைக்கிறோம்: முதலில் கேட் அகலக் கணக்கு, அடுத்து மதிலில் 65, அதன் பிறகு மரம். முதல் கோரிக்கை இடமாற்றம். மறுத்தால், டிக்கெட் 900-க்குள், 'சி' அளவு 'ஏ' அளவைவிட 15-க்கு மேல் கூடக் கூடாது, 9.45-க்குக் கடைசிப் பாட்டு. விட்டுப்போனது எதுவும் உண்டா?

பந்தல்கால்:
ஒன்று. பாட்டு பத்துக்கு நின்றாலும் பதினொன்றிலிருந்து விடிகாலை நாலு வரை மேடை கழற்றுவார்கள். இரும்புக் குழாய் லாரியில் விழும் சத்தம், லாரி பின்னால் வரும் பீப், கூடவே ஜெனரேட்டர். உறை போட்ட ஜெனரேட்டரே ஒரு மீட்டரில் 75 டெசிபல் வரை இருக்கலாம். "கழற்றும் வேலை மறுநாள் காலை 7 மணிக்கு மேல்தான், இரவில் காவலாள் மட்டும், ஜெனரேட்டர் தெற்கு ரோட்டோரம்" என்று தனி நிபந்தனையாக எழுதுங்கள். லாரி வாடகை ஒரு நாள் கூடும் என்பதால் அமைப்பாளர் கடைசிவரை இதைத்தான் எதிர்ப்பார். அந்தச் செலவை டிக்கெட் விற்பதற்கு முன்பே அவர் கணக்கில் சேர்க்கும்படி மனுவை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.